பேரிளம்பெண்ணுக்குப் பின்



பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் எனப் பெண்ணின் பருவங்களை ஏழாகப் பகுத்துப் பாட்டியல் நூலார் கூறியிருப்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். நானும் காட்டூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அதை மனப்பாடம் செய்தவள்தான். பேரிளம்பெண்ணின் வயது நாற்பதோடு முடிகிறது. உலாவில் தலைவனைக் காண வீதிக்கு வரும் பெண்களுள் அதற்கு மேற்பட்டவள் இல்லை. புலவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அவர்கள் காதலைப் பாட வந்தவர்கள். ஆயினும் அவர்கள் நிறுத்திய இடத்துக்குச் சற்று அப்பால்தான் பெண்ணுடலில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்கிறது.

அப்பாடத்தை நான் படித்த மார்கழியில், என் அன்னையார் நள்ளிரவில் எழுந்து வாயிற்படியில் வந்து உட்காருவார். தஞ்சைச் சாலையில் வண்டிகளின் ஒலி ஓய்ந்திருக்கும். நாங்கள் போர்வைக்குள் ஒடுங்கிக் கிடக்க, அவரோ முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பார். பகலில் சிறு சொல்லுக்கும் சினம். சற்று நேரத்தில் கண்ணீர். "அம்மாவுக்கு முன்கோபம் மிகுந்துவிட்டது" என்று நாங்கள் முடிவு கட்டினோம். ஏழு பருவங்களையும் பிழையின்றி ஒப்பித்த எனக்கு, எட்டாவது பருவம் கண்ணெதிரே இருந்தும் தெரியவில்லை. இன்று அவ்வயதை நானும் கடந்துவிட்டேன், அதனால்தான் பேசுகிறேன்.

சூலகம் தன் பணியைக் குறைத்துக்கொள்ளும்போது ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு நீர் குறைகிறது. மாதவிடாய் முறை தவறி வந்து, பின்னர் நின்றுவிடுகிறது. தொடர்ந்து 12 மாதங்கள் வராதிருந்தால் நின்றுவிட்டதாக மருத்துவர் கொள்வர். மேனாடுகளில் இது சராசரியாக 51 வயதில் நிகழ, நம் நாட்டில் 46, 47 வயதிலேயே நிகழ்கிறது. தொல்லைகள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடக்கூடும்.

அந்த மார்கழி வேர்வைக்குக் காரணம் என்ன? உடல் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் பகுதி ஒன்று மூளையின் அடிப்புறத்தில் உள்ளது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும், அது சிறு வெப்பத்தையும் பெருவெப்பமென மயங்குகிறது. உடனே தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, முகமும் மார்பும் கனல்கின்றன, வேர்வை பெருகுகிறது. சில நிமிடங்களில் அடங்கிக் குளிரும் எடுக்கும். இரவில் இது பலமுறை வந்தால் உறக்கம் ஏது? உறக்கம் கெட்டவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது முறையாகுமா? படபடப்பு, மறதி, மூட்டு வலி, சிறுநீர் எரிச்சல் ஆகியவையும் சிலருக்கு உண்டு. தைராய்டுக் கோளாறும் இரத்தச் சோகையும் இவ்வாறே தோன்றக்கூடுமாதலால் சோதித்துப் பார்ப்பது நன்று.

பருத்திப் புடவை, காற்றோட்டமான படுக்கை, மாலையில் காப்பியைத் தவிர்த்தல் முதலிய எளிய வழிகளால் பலருக்குத் துன்பம் தணிகிறது. எலும்பின் வலிமை இக்காலத்தில் விரைந்து குறைவதால் கேழ்வரகு, எள், பால் ஆகியவற்றோடு நாள்தோறும் நடையும் வேண்டும். தொல்லை மிகுந்தால் சுரப்பு நீர் மருத்துவம் உண்டு. 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரும் ஆய்வு, அம்மருந்தால் மார்பகப் புற்றும் இரத்த உறைவும் சற்று மிகுவதாகக் கூறவே, உலகெங்கும் பெண்கள் அஞ்சி அதைக் கைவிட்டனர். அவ்வாய்வில் சேர்ந்தவருள் பலர் அறுபதைக் கடந்தவர். அறுபதுக்கு உட்பட்டு, நின்று பத்தாண்டுகள் ஆகாதவருக்கு, தக்க சோதனைக்குப் பின் அது பெரும்பாலும் நன்மையே தரும் என்று பின்னர்த் தெளிந்தனர். மார்பகப் புற்று நோய் கண்டவருக்குப் பொதுவாகத் தருவதில்லை. கடையில் தாமே கேட்டு வாங்கும் மருந்தன்று அது.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் தெருவில் அத்தை என்று நாங்கள் அழைத்த ஓர் அம்மையாருக்கு, மாதவிடாய் நின்று இரண்டாண்டுகளுக்குப் பின் மீண்டும் உதிரம் கண்டது. "இளமை திரும்பிவிட்டது" என்று பெண்கள் கேலி பேசினர். அவரும் சிரித்து மறைத்துவிட்டார். மருத்துவரிடம் சென்றபோது கருப்பைப் புற்று முற்றியிருந்தது. பன்னிரண்டு மாதம் நின்றபின் ஒரு துளி உதிரம் கண்டாலும் காட்டிவிட வேண்டும். அதுபோலவே நாற்பதுக்கு முன்னரே மாதவிடாய் நின்றுவிட்டாலும் காட்ட வேண்டும்.

உங்கள் அன்னையர் தாமாக இதைச் சொல்லமாட்டார்கள். மகனிடம் சொல்லவே மாட்டார்கள். நாட்காட்டியில் தேதிகளைக் குறித்துவைக்குமாறு மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். திருச்சி அரசு மருத்துவமனையின் மகளிர் மருத்துவப் பிரிவுக்குச் சென்றாலும், வேறெங்குச் சென்றாலும், மருத்துவர் முதலில் கேட்பது அத்தேதிகளைத்தான்.