சாரணச் சிறாரும் நொய்யற் கரையும்
(நம் சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சாரணச் சிறாரை இயற்கையுலாவிற்கு அழைத்துச் செல்லுதலைப் பற்றிச் சில சொல்லுமாறு நம் சங்கத்தார் எம்மைப் பணித்தனர். யாம் பள்ளியில் தமிழ் பயிற்றுகின்றோம். உடன் ஆசிரியர் இருவரோடு சாரணர் குழுவொன்றையும் நடத்தி வருகின்றோம். ஏட்டிற் கற்பதும் நடந்து கற்பதும் ஒன்றற்கொன்று துணையாவதைக் கண்கூடாகக் கண்டமையால், அதனைத் தங்கள்முன் வைக்கத் துணிந்தோம்.

"விடுமுறை நாளிற் பிள்ளை வீட்டிலிருந்து படித்தால் நாலு மதிப்பெண் கூடுமே, வெயிலில் மேடு பள்ளம் சுற்றுவதால் யாது பயன்?" என்று பெற்றோர் சிலர் எம்மை வினவுவதுண்டு. பிள்ளையின் நலங்கருதி எழுந்த வினாவாதலின் அதனை இகழ்தல் தகாது. விடை கூறுதலே முறை.

முதற்கண் சாரணீயம் தோன்றிய வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், பேடன் பவல் என்பார் இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த பிரௌன்சீ என்னும் தீவில், சுமார் இருபது சிறுவரைக் கொண்டு பாசறையொன்று நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கு ஒருங்கே உண்டு, ஒருங்கே உறங்கினர். அடிச்சுவடு கண்டறிதலும், மரமும் புள்ளும் விலங்கும் உற்று நோக்குதலும் அவர்க்குப் பாடங்களாயின. நம் நாட்டிற் சாரணீயம் புகுந்த தொடக்கத்தில் இந்தியச் சிறுவர்க்கு அதில் இடமில்லை. அக்குறை நீங்க, 1917-இல் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சிறுவர்க்கெனச் சாரணர் சங்கம் கண்டார். விடுதலைக்குப் பின், 1950 நவம்பர் 7-ஆம் நாள், பிரிந்து கிடந்த சாரணர் சங்கங்கள் ஒன்றாயின. மறு ஆண்டிற் சாரணியரும் அதனுடன் இணைந்தனர். ஆகவே நடத்தலும் நோக்குதலும் இவ்வியக்கத்திற்குப் பின்னர்ச் சேர்ந்த பொழுதுபோக்கல்ல; அதன் வேரே அவைதாம்.

இனி நம் நாட்டு நடையைக் கூறுவோம். சென்ற தைத் திங்களில், சிறார் 24 பேரோடு பேரூரிலிருந்து மேற்கு நோக்கிச் சித்திரைச்சாவடி அணைக்கட்டு வரை நொய்யற் கரையோரமாகச் சென்றோம். காஞ்சிமாநதி எனப் பழம்பெயர் பூண்ட இவ்வாறு, வெள்ளியங்கிரி மலைத்தொடரிற் பிறந்து, கொங்கு நாட்டின் நடுவே கிழக்கு நோக்கி ஓடிக் காவிரியோடு கலப்பது. சித்திரைச்சாவடியிற் பிரியும் வாய்க்கால் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி, குமாரசாமி குளம் எனக் குளங்களை நிரப்பிச் செல்வது. ஒரு குளம் நிறைந்து வழியும் நீர் அடுத்த குளத்திற்கு உணவாகும். இதனைப் படத்தில் வரைந்து காட்டினால் மாணாக்கன் தேர்வு முடிந்ததும் மறப்பான். வாய்க்காற் கரையிலே நின்று, ஓரிடத்து அடைப்பு நேர்ந்தால் எத்தனை ஊர் வாடும் என்று அவனே எண்ணிச் சொன்னால் ஆயுள் முழுதும் மறவான்.

செல்லும் வழியிற் சிறாரை நோக்கி, "ஆளுக்குப் பத்துச் செடி கொடிகளைக் கண்டு, பெயர் சொல்லுக" என்றோம். வகுப்பில் முதல்வனாகிய சிறுவனும் மூன்றுக்குமேற் செல்லமாட்டாது நின்றான். அப்பொழுது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் அருகில் வந்து, நெருஞ்சி, தும்பை, துத்தி, ஆவாரை, குப்பைமேனி, பிரண்டை, வேலிக் கிளுவை, கொழுக்கட்டைப்புல் என்று தடையின்றி அடுக்கினார். எதனை ஆடு விரும்பும், எதனை ஒதுக்கும், எது மழைக்குமுன் தளிர்க்கும் என்பனவும் உரைத்தார். முடிவில், "ஏங்கண்ணு, இதையெல்லாம் பள்ளிக்கூடத்துல சொல்லித் தரமாட்டாங்களா?" என்று கேட்டார். அவ்வினா சிறாரை நோக்கி எழுந்ததேனும், விடை கூறக் கடமைப்பட்டவர் பெரியோராகிய நாம் அனைவருமே. பாட்டனுக்குத் தெரிந்த புல்லின் பெயர் பேரனுக்குத் தெரியாதொழியின், அப்பெயர் மட்டுமோ அழிகின்றது? அப்புல்லோடு தொடர்புடைய அறிவனைத்தும் உடன் அழிகின்றது.

புல்லறிவால் ஆவதென் என்று கேட்பார்க்கு நம் கோவையே சான்று. 1912-இல் இந்நகரிற் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. பார்பர், வெங்கட்ராமன் என்னும் அறிஞர்கள், வயலிற் பயிராகும் கரும்போடு, எவரும் பொருட்படுத்தாத நாணலினத்துக் காட்டுக்கரும்பை இணைத்துப் புதுக் கரும்பொன்றை உண்டாக்கினர். 1918-இல் வெளிவந்த அதற்குக் கோ 205 என்று பெயர். ‘கோ’ என்பது நம் கோயம்புத்தூரைக் குறிப்பதே. வட நாட்டுக் குளிரையும் வறட்சியையும் தாங்கிய அக்கரும்பு, அந்நாட்டுக் கரும்பு வேளாண்மைக்கே புதுவழி திறந்தது. அந்நிலையத்திலேயே 1930-களில் ஜானகி அம்மாள் என்னும் அம்மையார் கரும்பினங்களை ஆராய்ந்து புகழ் பெற்றார். எனவே பெண்மக்களையும் சாரணியராக அனுப்பத் தயங்குதல் வேண்டா. கரையோரத்து நாணலை உற்று நோக்கிய கண்ணன்றோ நாட்டிற்கு இனிப்பூட்டியது!

நோக்காமையின் தீமைக்கும் இவ்வாறே சான்றாகும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு பல்லாண்டு நொய்யலிற் கலந்தது. பாசனத்திற்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையிற் சாயநீர் தேங்கி, பயிரை வளர்க்கவேண்டிய நீரே நிலத்தைக் கெடுப்பதாயிற்று. 2011 ஜனவரியிற் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிடும் அளவிற்கு அத்தீங்கு முற்றியது. ஆற்றங்கரையில் நடவாத தலைமுறை ஆறு நோயுறுதலை அறியாது. அறிந்தபொழுது மருந்து அரிதாகிவிடும். இன்று கரையில் நடக்கும் சிறுவனே நாளை பட்டறை முதலாளியாகவோ, பொறியியலாளனாகவோ, அதிகாரியாகவோ அமர்வான். அன்று அவன் நெஞ்சில் அவ்வாறு நிற்றல் வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிப் பெற்றோர் கொள்ளும் கவலை நியாயமானதே. புறப்படுமுன் தலையெண்ணி இருவர் இருவராக இணைத்தல், ஊதல் ஒலிக்கு உடனே கூடுமாறு பழக்குதல், குடிநீரும் முதலுதவிப் பெட்டியும் உடன்கொள்ளுதல், ஆசிரியர் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும் செல்லுதல், நீரில் இறங்கவிடாமை ஆகியன எம் குழுவில் மாறாத விதிகள். மேற்கே மலையடிவாரம் யானைகள் நடமாடும் இடமாதலின், வனத்துறையினரின் அனுமதியும் துணையுமின்றிக் காட்டெல்லைக்குட் கால் வைப்பதில்லை. பொழுது சாயுமுன் ஊர் திரும்பிவிடுவோம். தேன்கூட்டில் கல் எறிதலும், தூக்கணாங்குருவிக் கூட்டைப் பறித்தலும், நெகிழிப் பையைக் கரையில் விட்டு வருதலும் விலக்கப்பட்டன.

மற்றொன்றும் இவ்வவையிற் கூறத்தக்கது. சாரணன் எல்லார்க்கும் நண்பன். பிற சாரணர் யாவர்க்கும் உடன்பிறந்தான் என்பது சாரண விதி. அன்று நண்பகல் மருத மரத்து நிழலிற் பல குலத்துப் பிள்ளைகளும் கட்டுச்சோற்றை ஒன்றாய்க் கொட்டிப் பகிர்ந்துண்டனர். நம் குலம் உயர நாம் கூடுகின்றோம். அஃது ஊரோடு ஒத்து உயரும் உயர்வாதல் வேண்டும் என்பதனை அப்பிள்ளைகள் சொல்லாமற் சொல்லினர்.

ஆதலின், சங்கத்தாரை மூன்று வேண்டுகின்றோம். திங்களுக்கு ஒருநாள் தம் மக்களை எம்மோடு அனுப்புக. நிலமும் நீரும் அறிந்த முதியோர் ஒருவர் ஒவ்வோர் உலாவிற்கும் உடன் வருக. அவர்க்குத் தெரிந்த பெயர்களைச் சிறார் குறித்துக்கொள்வர். அக்குறிப்புகளைத் தொகுத்து நம் வெளியீட்டில் ஆண்டுக்கொரு முறை பதிப்பிக்குக. செலவு சிறிது, பயனோ தலைமுறை கடந்தது.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பேரூர்க் கோயில் வாயிலினின்று அடுத்த உலாப் புறப்படும். பிள்ளைகளோடு பாட்டன்மாரும் வருக, வருக என அழைத்து அமைகின்றோம்.