புல்லை மிதித்த குற்றம்



பேசி வென்றவர்களைப் பற்றிப் பேச ஆள் நிறைய உண்டு. நானோ, பேச விடாமல் தடுக்கப்பட்ட ஒரு பேச்சைச் சொல்ல வந்திருக்கிறேன்.

1893-இல் அமெரிக்காவில் வங்கிகள் சரிந்தன, ரயில் கம்பெனிகள் திவாலாயின, லட்சக்கணக்கானவர்கள் வேலையிழந்தார்கள். கார்னகியும் ராக்ஃபெல்லரும் கோடி கோடியாகக் குவித்த அதே நாட்டில்தான்! ஒஹையோவில் மாசிலன் என்று ஓர் ஊர். அங்கே ஜேக்கப் காக்சி என்ற கல்குவாரி முதலாளி. ஆமாம், முதலாளிதான்! அரசாங்கம் 50 கோடி டாலருக்கு நோட்டு அடிக்கட்டும், சாலை போடட்டும், வேலையில்லாதவனுக்கு நாளுக்கு ஒன்றரை டாலர் கூலி கொடுக்கட்டும் என்றார். 1894 மார்ச்சில், ஈஸ்டர் அன்று, ஒரு நூறு பேரோடு வாஷிங்டனுக்கு நடந்தே புறப்பட்டார். போய்ச் சேரும்போது ஐந்நூறு பேர்.

அந்த ஐந்நூறு பேர் யார்? அலகேனி மலையின் பனியில் நடந்தவன் யார்? வழியில் ஊர்க்காரர்கள் கொடுத்ததைத் தின்றுவிட்டு மேலே நடந்தவன் யார்? காக்சிக்குப் புத்தகத்தில் இடம் கிடைத்தது. அவனுக்கு?

மே 1. நாடாளுமன்றப் படிக்கட்டில் காக்சி பேச ஏறினார். போலீஸ் பிடித்தது. என்ன குற்றம்? புல்லை மிதித்தாராம்! 20 நாள் சிறை!

மேடைப்பேச்சால் ஒரு துரும்பும் அசையாது என்று சிலர் எழுதுகிறார்கள். அசையாது என்றால், பேச வந்த ஒரு மனிதனைத் தடுக்கக் குதிரைப் போலீஸ் எதற்கய்யா? 1896-இல் பிரையன் என்ற 36 வயது இளைஞன் சிகாகோ மாநாட்டில் ஒரே பேச்சில் ஜனாதிபதி வேட்பாளர் ஆனானே! ரயிலேறி ஊர் ஊராய் அறுநூறு கூட்டம் பேசினானே! அவனை வீழ்த்த எதிர்த்தரப்பு 35 லட்சம் டாலர் திரட்ட வேண்டியிருந்ததே! துரும்புக்கா அவ்வளவு பணம்?

எங்கே விட்டேன்? புல்! அந்தப் படிக்கட்டு! 1944 மே 1. காக்சிக்கு வயது 90. அதே படிக்கட்டில், இந்த முறை அனுமதியோடு, அதே பேச்சைப் படித்தார். ஐம்பது வருஷம் கழித்து! கூட நடந்தவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்க உயிரோடு இருந்திருப்பார்கள்?

இங்கே வரலாறு படிக்கிற பிள்ளைகளைக் கேட்டுக்கொள்கிறேன். காக்சியைப் பற்றி எழுதியாயிற்று. பனியில் நடந்தானே, அவனைத் தேடி எழுதுங்கள்.