வாடகைக் காலம் முடிந்ததும் வீட்டைப் பூட்டிவிடலாமா?



நம் மக்கள் பல தலைமுறைகளாக லயத்து வீடுகளில் வாழ்ந்தவர்கள். வேலை இருந்தவரை வீடும் இருந்தது. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது எத்தனையோ குடும்பங்கள் பட்டணத்தில் வாடகை வீடு தேடிச் சென்றன. தோட்டத்தில் வாழ்வோரின் பிள்ளைகளும் தொழிற்சாலை வேலையின் பொருட்டு அவ்வாறே செல்கின்றனர். ஆகவே, வாடகை பற்றிய சட்டம் நமக்குப் புறம்பானதன்று.

ஓராண்டு ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. மாற்று வீடு கிடைக்கவில்லை. வேலை முடிந்து திரும்புகின்ற குடும்பத்தார் கதவில் புதிய பூட்டைக் காண்கின்றனர். பாயும் பாத்திரமும் பிள்ளைகளின் பாடநூல்களும் வெளியே கிடக்கின்றன. "காலம் முடிந்துவிட்டது, வீடு என்னுடையது" என்கிறார் வீட்டுக்காரர். வீடு அவருடையது என்பது உண்மையே. ஆயினும், அவ்வாறு பூட்டுவதற்கு அவருக்கு உரிமை இல்லை.

நம் நாட்டின் 1950ஆம் ஆண்டுக் குறித்த நிவாரணச் சட்டத்தின் 7ஆம் பிரிவில், 1992ஆம் ஆண்டில் ஒரு திருத்தம் சேர்க்கப்பட்டது. வாடகைக் காலம் முடிந்த பின்னரும் குடியிருப்பவர் வீட்டிலேயே இருப்பாராயின், நீதிமன்றத்தின் வாயிலாக அன்றி வேறு எவ்வழியிலும் உரிமையாளர் வீட்டை மீட்கலாகாது என்று அது கூறுகிறது. வழக்குத் தொடுத்து, தீர்ப்புப் பெற்று, நீதிமன்ற அதிகாரியைக் கொண்டு மீட்பதே முறை. சட்டத்திற்குப் புறம்பாக வெளியேற்றப்பட்டவர் வீட்டைத் திரும்பப் பெற வழக்குத் தொடுக்க 8ஆம் பிரிவு இடந்தருகிறது.

வாடகை பாக்கிக்காகச் சாமான்களைப் பிடித்துவைப்பதும் வீட்டுக்காரர் தாமே செய்யத்தக்கதன்று. 1951ஆம் ஆண்டு ஜப்திச் சட்டத்தின்படி அவர் நீதிமன்ற ஆணை பெறவேண்டும். அதுவும் 12 மாதத்திற்கு மேற்படாத பாக்கிக்கே பொருந்தும். குடும்பத்திற்கு இன்றியமையாத உடைகளையும் படுக்கைகளையும் அவ்வாணையின் பேரிலும் பறிமுதல் செய்யலாகாது.

இவற்றைக் கேட்டதும், வாடகை கொடாமல் விரும்பியவரை இருக்கலாம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். காலம் கடந்தும் வீட்டை ஒப்படையாதவரிடம் இரு மடங்கு வாடகை கேட்க, 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம் உரிமையாளருக்கு இடமளிக்கிறது. மாதம் 400 வெள்ளி வாடகை செலுத்தியவர் மூன்று மாதம் கூடுதலாகத் தங்கினால், 2,400 வெள்ளி செலுத்த நேரிடலாம். கடனில் தொடங்கும் புதுக்குடித்தனம் நலம் தராது. சட்டம் தருவது முறையான விசாரணையும் கால அவகாசமுமே, இலவச வீடன்று.

எனவே நாம் செய்யத்தக்கவை யாவை? வாய்ப்பேச்சில் நில்லாமல் ஒப்பந்தத்தை எழுத்தில் பெறுவோம். அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்துவோம். முத்திரையற்ற பத்திரத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. முன்பணத்திற்கும் மாத வாடகைக்கும் இரசீது கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவோம். ஒப்பந்தம் முடியும் முன்னரே நீட்டிப்பைக் குறித்து எழுத்து மூலம் கேட்போம். பூட்டு மாற்றப்பட்டால் பூட்டை உடைத்துச் சண்டையில் இறங்காமல், நிகழ்ந்ததைப் புகைப்படமெடுத்து, போலீசில் புகார் செய்து, காலந்தாழ்த்தாமல் சட்ட ஆலோசனை பெறுவோம். வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாதோர் அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவையோ, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ நாடலாம்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. தோட்ட நிருவாகம் வேலையின் பொருட்டு அளிக்கும் வீடு வேறு. வாடகை வீடு வேறு. மேற்கூறிய 7ஆம் பிரிவின் பாதுகாப்பு வாடகைக் குடியிருப்பைப் பற்றியது. தோட்ட வீட்டிலிருந்து வெளியேறுமாறு கடிதம் வந்தால், அதைக் கையிலெடுத்துக்கொண்டு தொழிற்சங்கத்தையும் தொழிலாளர் இலாகாவையும் உடனே அணுகவேண்டும்.

தாளில் எழுதப்பட்ட உரிமை, அதனை அறிந்தவருக்கே துணை நிற்கும். பட்டணம் செல்லும் பிள்ளைகளுக்குக் கட்டுச்சோற்றோடு இவ்வறிவையும் கொடுத்தனுப்புவோமாக.