நெம்புகோலும் இடைவேளை மணியும்

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஆற்றிய உரை)



புகையிலை விழிப்புணர்வு பற்றிப் பேசச் சொன்னார்கள். மே 31 உலகப் புகையிலை எதிர்ப்பு நாள். அது கோடை விடுமுறையில் வந்துவிடுவதால் பள்ளி திறந்த பிறகு உறுதிமொழி எடுக்கிறோம், கருத்துப்போன நுரையீரல் படத்தைக் காட்டுகிறோம். அதை நானும் பல வருடம் செய்தவன்தான். இன்று அந்தப் படம் இல்லை. எலிகளைப் பற்றிப் பேசப் போகிறேன். காரணம் ஒரு மாணவன்.

ஒன்பதாம் வகுப்பில் இருந்தான். உதட்டுக்குள் வைக்கிற சின்னப் பொட்டலத்தோடு பிடிபட்டான். அப்பாவை வரவழைத்தேன். அவர் அழுதார், இவன் சத்தியம் செய்தான். அடுத்த நான்கு நாட்கள் உண்மையாகவே அதைத் தொடவில்லை. ஆனால் வகுப்பில் மேசைமேல் தலைசாய்த்துக் கிடந்தான். கபடி என்றால் உயிரை விடுகிற பையன், விளையாட்டுப் பாடவேளையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். "என்னடா?" என்று கேட்டால், "எதுவுமே நல்லா இல்ல சார்" என்றான். நான் நடிப்பு என்று நினைத்தேன். "அது இல்லாட்டி உனக்கு உயிரே இல்லையாடா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். வகுப்பு சிரித்தது. ஐந்தாம் நாள் மறுபடி பிடிபட்டான்.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

1954இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியைப் பொருத்தினார்கள். எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் மூளையின் குறிப்பிட்ட பகுதிக்குச் சிறு மின்துடிப்பு போகும். உணவு கிடையாது, தண்ணீர் கிடையாது. வெறும் மின்துடிப்புக்காக எலி மணிக்கு நூற்றுக்கணக்கான முறை அழுத்தியது. 'இதை மறுபடி செய்' என்று சொல்லும் பாதை ஒன்று மூளைக்குள் இருப்பது அப்படித்தான் தெரிய வந்தது.

அந்தப் பாதையின் முக்கியமான வேதிப்பொருள் டோபமைன். அதை இன்பம் தரும் பொருள் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அது பாதி உண்மைதான். வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்பவர் குரங்குகளில் செய்த சோதனையைப் பாருங்கள். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தால் டோபமைன் நரம்பணுக்கள் துடிக்கின்றன. விளக்கு எரிந்த பிறகு சாறு வரும் என்று குரங்கு பழகிவிட்டால், துடிப்பு விளக்குக்கு மாறிவிடுகிறது, சாறுக்கு இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வரவேண்டிய அதே நொடியில் துடிப்பு குறைகிறது. ஆக, அது இன்பத்தை அளப்பதைவிட, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கிறது. நம் தொழிலே அதுதானே! முதன்முறை நோட்டில் நட்சத்திரம் வாங்கிய பிள்ளையின் முகத்தையும், இருபதாவது முறை வாங்கும்போது அதே முகத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நிக்கோட்டின் இங்கேதான் குறுக்கே வருகிறது. நம் உடலிலேயே சுரக்கும் அசிட்டைல்கோலினுக்காக இருக்கும் பூட்டில் இது கள்ளச்சாவியாகப் பொருந்துகிறது. அந்தப் பூட்டுகள், அதாவது ஏற்பிகள், டோபமைன் நரம்பணுக்கள்மேலேயே இருக்கின்றன. அந்த ஏற்பியின் பீட்டா 2 என்ற ஒரு பகுதி இல்லாமல் பிறக்கச் செய்த சுண்டெலிகள் நிக்கோட்டினைத் தேடி அழுத்தவில்லை என்று 1998இல் காட்டினார்கள். மற்ற வெகுமதிகள் பழகப் பழகப் புதுமை இழக்கும். நிக்கோட்டினோ ஒவ்வொரு முறையும் நரம்பணுவை நேராகத் தட்டுவதால், 'எதிர்பார்த்ததைவிட நன்று' என்ற பொய்ச் செய்தி திரும்பத் திரும்பப் போகிறது என்பது ஆய்வாளர்கள் சிலர் தரும் விளக்கம்.

எனக்கு மிகவும் பயன்பட்டது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகச் சோதனை. நெம்புகோலை அழுத்தினால் நிக்கோட்டின் மட்டும் கிடைத்தபோது எலிகள் கொஞ்சமாகத்தான் அழுத்தின. விளக்கு மாற்றம் மட்டும் கிடைத்தபோதும் சுமார்தான். இரண்டும் சேர்ந்தபோது அழுத்தல் கூடியது, இரண்டையும் கூட்டினால் வருவதைவிட அதிகமாக. இன்னொரு சோதனையில், எலி அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் நிக்கோட்டின் தானாக உடலில் ஏறியது. அழுத்தினால் விளக்கு மட்டும்தான். அப்போதும் எலிகள் விளக்குக்காக மும்முரமாக அழுத்தின. அதாவது நிக்கோட்டின், பக்கத்தில் இருக்கும் சாதாரணப் பொருளின் மதிப்பையும் தூக்கிவிடுகிறது. தீப்பெட்டி உரசும் சத்தம், பொட்டலம் கிழியும் ஓசை, கழிப்பறைக்குப் பின்னால் இருக்கும் சுவர், அங்கே நிற்கும் நண்பர்கள் எல்லாமே அந்த விளக்குதான். நம் இடைவேளை மணியும்கூட. (மணி அடித்ததும் எதிர்க்கடைக்குப் போய்வரும் நண்பர்கள் இந்த அறையிலும் இருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.)

இனி அந்த நான்கு நாட்களுக்கு வருகிறேன். 1998இல் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில், சில நாட்கள் நிக்கோட்டின் கொடுத்துப் பழக்கிய எலிகளுக்கு அதைத் திடீரென நிறுத்தினார்கள். ஓல்ட்ஸின் எலி துடித்துப்போய் அழுத்திய அதே மின்துடிப்பு இப்போது போதவில்லை. அதே ஆர்வத்தைக் கிளப்ப மின்னோட்டத்தைக் கூட்ட வேண்டியிருந்தது. இந்த நிலை சில நாட்கள் நீடித்தது. இதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். "எதுவுமே நல்லா இல்ல சார்" என்று அவன் சொன்னது அறிவியல் ஆசிரியனான எனக்குப் புரியவில்லை. வேறு யாருக்குப் புரிந்திருக்க வேண்டும்?

வயதும் முக்கியம். வளரிளம் பருவத்தில் தொடங்கிய எலிகள், வளர்ந்தபின் தொடங்கியவற்றைவிட அதிக நிக்கோட்டின் எடுத்ததைச் சோதனைகள் காட்டியுள்ளன. புகைத்தால் சில விநாடிகளில் மூளையை எட்டுகிறது. மெல்லும்போது மெதுவாக ஏறுகிறது, ஆனால் நெடுநேரம் நிற்கிறது. புகையிலையோடு சுண்ணாம்பு சேர்ப்பது சும்மா இல்லை. காரத்தன்மையில் நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாக எளிதாகப் போகும். அமிலம், காரம் நடத்தும்போது இதையும் சொல்லலாம்.

எலி மனிதன் அல்ல, ஒத்துக்கொள்கிறேன். எலிக்கு "ஒரு தடவை போட்டுப் பாருடா" என்று சொல்ல நண்பன் கிடையாது. வீட்டில் கடன் கிடையாது. பள்ளியைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்ற 2003ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்குத் தெரியாது. சட்டம் தெரிந்த கடைக்காரர்தான் விற்கிறார். அந்தச் சண்டையைத் தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் தனியாகப் போட வேண்டும்.

அவனை மறுபடி கூப்பிட்டேன். முதலில், வகுப்பில் கேலி செய்ததற்கு வருத்தம் தெரிவித்தேன். பிறகு சொன்னேன்: "விட்டால் முதல் ஒரு வாரம் எதுவும் ருசிக்காது. கபடிகூட ருசிக்காது. அது உன் மூளை பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கிற நேரம். சோம்பல் இல்லை." கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். "இதை அப்பவே சொல்லியிருக்கலாமே சார்" என்றான்.

இடைவேளையில் அந்தச் சுவர்ப் பக்கம் போகாமல் ஆய்வகத்தில் பீக்கர் கழுவ என்னோடு வைத்துக்கொண்டேன். உடற்கல்வி ஆசிரியரிடம் சொல்லி, ஆடாவிட்டாலும் ஆட்டத்தில் புள்ளி எழுத வைத்தோம். 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணை அவன் அப்பாவுக்கும் எழுதிக் கொடுத்தேன். அவருக்கும் பீடிப் பழக்கம் இருந்தது. பையன் இரண்டு முறை சறுக்கினான். இரண்டு முறையும் அவனே வந்து சொன்னான். நான் அப்பாவைக் கூப்பிடவில்லை. அது சரியா என்று இப்போதும் எனக்கு முழு நிச்சயம் இல்லை.

இப்போது ஐடிஐயில் ஃபிட்டர் படிக்கிறான். போன மாதம் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். விட்டுவிட்டாயா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. கபடி ஆடுகிறாயா என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமை மட்டும் சார், மத்த நாள் ஒர்க்‌ஷாப் இருக்கு" என்றான்.