கையை விட்டால் வண்டி நிற்கணும்

மலைச் சரக்கு இறங்கி வருகிற ஊர் போடி. ஒரு காலத்தில் மூணாறு தேயிலைகூட டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து வண்டியில் போடிக்குத்தான் வந்தது.

சுமை என்றாலே ஏற்றத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். ஏற்றத்தில் உடம்பு களைக்கும், சரிதான். ஆனா ஆபத்து இறக்கத்தில்தான் அதிகம். பத்தடிக்கு ஓரடி இறங்கும் சரிவில், மூட்டைகளோடு 200 கிலோ இருக்கிற தள்ளுவண்டி, சுமார் 20 கிலோ எடைக்குச் சமமான விசையில் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். தள்ளுகிறவருக்குக் கால் வழுக்கினால், முன்னால் நிற்கிறவர் கதி?

இதற்கு மோட்டார் வண்டிதான் தீர்வு என்று நினைக்காதீங்க. மோட்டார் கோளாறானால் அதுவே ஆளைத் தள்ளிவிடலாம். பிரேக் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தும். தானாக யாரையும் தள்ளாது. ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் முதியோருக்கு இப்படியொரு நடைவண்டியே செய்தார்கள். தள்ளுவது மனிதர், பின்சக்கர பிரேக்கைப் பார்த்துக்கொள்வது கணினி.

நமக்கு அவ்வளவுகூட வேண்டாம். விமான நிலையத்தில் பெட்டி தள்ளும் டிராலியைப் பார்த்திருப்பீங்க. பலவற்றில் கைப்பிடியை அழுத்தினால்தான் நகரும், விட்டால் ஸ்பிரிங் பிரேக்கைப் பிடித்துவிடும். 2023 ஜூனிலிருந்து போடிக்கு வருகிற சென்னை ரயிலிலும் இதே நியாயம்தான். குழாயில் காற்றழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும். குழாய் அறுந்தால் தானே பிடித்துக்கொள்ளும். காலால் மிதித்துப் பூட்டுகிற வண்டியில் மிதிக்க ஞாபகம் வரணும். வழுக்கி விழுகிறவருக்கு எங்கே ஞாபகம் வரும்?

சடாரென்று பிடித்தாலும் சிக்கல், மூட்டை முன்னால் சரியும். அதனால் மையவிலக்கு பிரேக்கையும் கூடவே வைக்கலாம். சக்கரம் வேகமாகச் சுழன்றால் உள்ளே இருக்கும் எடைக்கட்டிகள் வெளிப்பக்கம் விலகி உருளையில் உரசும். வேகம் கூடக்கூடப் பிடி இறுகும். கரண்டும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். ஆனால் மெதுவாகப் போகும்போது இது பிடிக்காது, கைப்பிடி பிரேக் கட்டாயம் இருக்கணும். நம்ம மலை மழைக்கு இரண்டுக்கும் நல்ல மூடி வேண்டும்; நனைந்த பிரேக் வழுக்கும்.

புது வண்டி வாங்கும்போது காலி வண்டியைச் சமதரையில் தள்ளிப் பார்த்துத் திருப்திப்படாதீங்க. ஆள் நடமாட்டமில்லாத சரிவில், கீழே கட்டை போட்டுவிட்டு, வழக்கமான சுமையோடு கையை விட்டுப் பாருங்க. நகர்ந்தால் வாங்காதீங்க.

சுமைதூக்கும் தொழிலாளர்கள், 18 முதல் 60 வயது வரை, தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யலாம். செல்போனிலேயே விண்ணப்பிக்கலாம். விபத்து உதவித்தொகை கேட்கும் நாளில் அந்தப் பதிவு நடப்பில் இருக்கணும். புதுப்பிக்கும் தேதியை இப்பவே போனில் குறித்து வையுங்க.