கோழிக்குத் தண்ணீர் வைக்கும் கைவேலை



2022ஆம் ஆண்டின் இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் கோழித் தீவனத்தின் விலை ஏறியதையும், அடுத்த வருடம் இந்தியாவிலிருந்து முட்டை கப்பலேறி வந்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வளவில் நாலு ஊர்க்கோழி நின்றால் வீட்டுக்கு ஒரு பலம் என்பதை அந்த நாட்கள் நன்றாகவே உணர்த்தின. கழித்துப் போட்ட போத்தல், பெயின்ட் வாளி, எஸ்லோன் பைப் ஆகியவற்றைக் கொண்டு கோழிக்குத் தீனிப் பாத்திரமும் தண்ணீர்ப் பாத்திரமும் செய்யும் கைவேலையைத்தான் இன்று எடை போட்டுப் பார்க்கப் போகிறேன். அதில் எது கோழிக்கு உதவுகிறது, எது பார்வைக்கு மட்டும் அழகாக இருக்கிறது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் தண்ணீர். எல்லாரும் தீனியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். தண்ணீரைக் கேட்பவர் குறைவு. முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் வரை தீனி தின்னும். குடிக்கும் தண்ணீர் அதைப்போல் இரண்டு மடங்கு. யூலை, ஓகஸ்ட் மாதங்களில் மேற்கே வயல்வெளியைத் தாண்டிக் கச்சான் காற்று அடிக்கும்போது அது அரை லீற்றரைத் தொடும். கோழிக்கு வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து இளைத்து இளைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். அந்த இளைப்பில் போவது தண்ணீர்தான். முட்டையிலும் முக்கால் பங்கு தண்ணீர். ஆகவே மத்தியானம் முழுவதும் வெறும் சட்டியோடு நின்ற கோழி, முட்டையைக் குறைத்து அதைக் காட்டிவிடும்.

எங்கள் உம்மம்மாமார் மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி, நடுவில் பெரிய கல்லொன்றை வைப்பார்கள். கோழி சட்டிக்குள் ஏறி நிற்காமலும், சட்டி கவிழாமலும் அந்தக் கல் பார்த்துக்கொள்ளும். மண்சட்டியின் கசிவு ஆவியாகித் தண்ணீரைக் குளிர வைக்கும். மதிக்க வேண்டிய அமைப்பு அது. ஆனாலும் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் ஆகிய எங்கள் கரையோர ஊர்களில் வளவு சின்னது, தரை மணல். கோழி கிளறினால் மணலும் எச்சமும் சேர்ந்து சட்டிக்குள் போகும். குஞ்சுகளைக் கொண்டுபோகும் இரத்தக் கழிச்சல் எச்சத்தின் வழியாகத்தான் பரவுகிறது. காலை, மத்தியானம், அசர் நேரம் என்று சட்டியைக் கழுவி ஊற்ற ஆளிருக்கும் வீட்டுக்கு மண்சட்டி போதும். மற்ற வீடுகளுக்குப் போதாது.

அந்தக் குறையைத் தீர்ப்பது காற்றழுத்தத்தில் இயங்கும் தண்ணீர்க் கான். இந்தக் கைவேலைகளில் என் முதல் மதிப்பெண் இதற்குத்தான். செய்முறை சொல்கிறேன். குடிதண்ணீர் வந்த 5 லீற்றர் கானை எடுங்கள். அடியிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் உயரத்தில் சுண்டுவிரல் பருமனில் ஒரு துளை. கானை நாலு, ஐந்து சென்ரிமீற்றர் விளிம்புள்ள அகன்ற தட்டில் நிறுத்துங்கள். துளையை விரலால் பொத்திக்கொண்டு தண்ணீரை நிரப்பி, மூடியை இறுக மூடி, விரலை எடுங்கள். தட்டில் தண்ணீர் துளையை மூடும் வரை ஏறி, அங்கே நின்றுவிடும். உள்ளே காற்றுப் புக வழியில்லாததால் வெளிக்காற்றின் அழுத்தம் கானுக்குள் இருக்கும் தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கிறது. கோழி குடித்துத் துளை வெளியே தெரிந்ததும் ஒரு காற்றுக் குமிழி ‘குளுக்’ என்று உள்ளே போகும். குடித்த அளவு தண்ணீர் வெளியே வரும். தட்டின் விளிம்பு துளையை விடத் தாழ்ந்திருந்தால் கான் முழுவதும் நிலத்தில்தான்.

செய்து வைத்தவர்கள் சிலர், மத்தியானம் தட்டு நிரம்பி வழிகிறது என்று முறையிடுவதுண்டு. கானைப் பிழை சொல்ல வேண்டாம். பாதி காலியான கான் வெயிலில் நின்றால் உள்ளே இருக்கும் காற்று சூடேறி விரியும்; விரிந்த காற்று தண்ணீரைத் தள்ளிவிடும். கானை மாமர நிழலுக்கு மாற்றினால் வழிவது நின்றுவிடும், தண்ணீரும் சூடாகாது. கீழே செங்கல் வைத்துத் தட்டின் விளிம்பைக் கோழியின் முதுகு மட்டத்துக்கு உயர்த்துங்கள். கிளறும் மணல் அதற்குள் விழுவது குறையும். குஞ்சுகளுக்கென்றால் தட்டைத் தரையிலேயே வைத்து, தட்டுக்குள் கூழாங்கற்களைப் பரப்பிவிடுங்கள். ஒரு வாரக் குஞ்சு ஒரு அங்குலத் தண்ணீரில் மூழ்கிச் செத்துவிடும்.

கொத்தினால் சொட்டும் நிப்பிள் பொருத்திய வாளிகளும் வந்திருக்கின்றன. சுத்தத்தில் அதை மிஞ்ச ஒன்றில்லை. ஆனால் மணல் கலந்த கிணற்றுத் தண்ணீர் அதை அடைத்துவிடும். ஒவ்வொரு நாளும் விரலால் அழுத்திப் பார்க்க முடிந்தவர்கள் மட்டும் வைக்கலாம்.

இனித் தீனி. நாலு அங்குல எஸ்லோன் பைப்பை நிமிர்த்திக் கட்டி, அடியில் வளைவு பொருத்தி, மேலே தீனியைக் கொட்டும் முறையைப் பலரும் செய்து பார்க்கிறார்கள். உருண்டைத் தீவனம் போடும் பண்ணைக்கு அது பொருந்தும். எங்கள் வீடுகளில் போடுவதோ மில்லில் வாங்கிய தவிடும் குறுணலும். தவிட்டில் எண்ணெய்ப் பசை உண்டு. கடல் காற்றின் ஈரத்தில் அது பைப்புக்குள் ஒட்டிப் பாதியில் அடைத்து நிற்கும். மேலே பார்த்தால் பைப் நிறைந்திருக்கும். கீழே கோழி வெறும் வளைவைக் கொத்திக்கொண்டிருக்கும். மாரி மழையில் அடைபட்ட தவிட்டில் பூஞ்சணம் பிடித்தால், அதிலிருந்து வரும் நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும். தவிடு போடும் வீட்டுக்கு இந்தப் பைப் வேண்டாம் என்பதே என் தீர்ப்பு.

அதற்குப் பதிலாக, அடியோரம் சுற்றிவர அகன்ற துளைகள் வெட்டிய வாளியை ஒரு தட்டில் பொருத்திக் கூரையின் கீழ்த் தொங்க விடுங்கள். கோழி முட்டும்போது வாளி ஆடும், தவிடு உதிரும். தட்டை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரம்ப விடாதீர்கள். விளிம்பு வரை நிறைந்த தட்டில் கோழி அலகால் சிதறடிப்பது மூன்றில் ஒரு பங்கு வரை போகும். காசு கொடுத்து வாங்கிய தீனி மணலில் கிடப்பது வீண்விரயம். வீண்விரயத்தை மார்க்கம் எப்படிப் பார்க்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

அறுக்கப் போகும் ஊர்க்கோழியை மூன்று நாள் அடைத்து வைத்துச் சுத்தமான தீனி கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. நபித்தோழர் இப்னு உமர் (ரலி) அவர்கள் அப்படிச் செய்ததாக அறிவிப்பும் உண்டு. அந்த மூன்று நாளும் கோழிக்கு வேறு போக்கிடமில்லை. நீங்கள் வைக்கும் பாத்திரம்தான் அதற்கு எல்லாம். அதில் எச்சம் கிடந்தால் அடைத்து வைத்ததற்குப் பொருளே இல்லை.

இரண்டு விடயங்களில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். எங்கள் ஊர்கள் இருப்பது வயற்காணி நிறைந்த மாவட்டம். களைநாசினியும் பூச்சிநாசினியும் வந்த வெற்றுக் கான்கள் எங்கும் கிடக்கின்றன. எத்தனை முறை கழுவினாலும் அவை கோழிக்கு ஆகாது. அந்தக் கோழியின் முட்டையைத் தின்பது உங்கள் பிள்ளை. மற்றது, டயரை வெட்டிச் செய்யும் தொட்டி. டெங்கு நுளம்பு பாத்திரத்தின் சுவரில்தான் முட்டையை ஒட்டி வைக்கிறது. தண்ணீரை மாற்றினால் மட்டும் அது போகாது, பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். டயரின் மடிப்புக்குள் பிரஷ் போகாது. ஆகவே டயர் வேண்டாம்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். ராணிக்கெட் நோய்க்கான தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் நாளில் குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். அதிலுள்ள குளோரின் மருந்தைக் கொன்றுவிடும். உலோகப் பாத்திரமும் கூடாது. நன்றாகக் கழுவிய பிளாஸ்டிக் தட்டில் சுத்தமான கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடியும்படி வையுங்கள். அளவை உங்கள் பிரதேசத்துக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.