தரம் கேட்பவர் கூலியும் கொடுக்க வேண்டும்

(தோட்டக் கிளைத் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



"நல்ல கொழுந்து வேண்டும்" என்று நமக்கு நாள்தோறும் சொல்லப்படுகிறது. தரத்துக்கு நாம் எதிரிகள் அல்லர். அந்தத் தரத்துக்கான உழைப்புக்கு யார் காசு கொடுப்பது என்பதே நமது கேள்வி. இதே கேள்வியை அமெரிக்காவில் பழம் பறிக்கும் தொழிலாளரும் எழுப்பினார்கள். அதை இன்று சொல்ல விரும்புகிறோம்.

அங்கே புளூபெர்ரி என்றொரு சிறிய கருநீலப் பழம் உண்டு. வாங்குவோர் பெரிய, கெட்டியான, இனிப்பான பழத்தைத் தேடுகிறார்கள். பழத்தின் மேல் சாம்பல் பூத்தது போன்ற மெழுகுப் படலம் கலையாமல் இருந்தால் அது புதிய பழம் என்று நம்பி வாங்குகிறார்கள்.

இந்தத் தரம் பறிப்பவரின் விரலில்தான் இருக்கிறது. ஒரே குலையில் எல்லாப் பழமும் ஒன்றாகப் பழுப்பதில்லை. காம்படியில் சிவப்பு இருந்தால் புளிக்கும். பறித்த பின் இனிப்பு ஏறாது. ஆகவே முழுக்கப் பழுத்ததை மட்டும் தெரிந்தெடுத்து, அதே செடிக்குப் பல தடவை திரும்பி வர வேண்டும். அழுத்திப் பிடித்தால் பழம் நசுங்கும், மெழுகும் போய்விடும்.

ஆனால் கூலியோ இறாத்தல் கணக்கில்! கவனமாகப் பறிப்பவருக்கு நிறுவை குறைகிறது. தரம் கடைக்காரருக்கு இலாபம், பறிப்பவருக்கு நட்டம்.

வொஷிங்டன் மாநிலத்தில் சக்குமா சகோதரர்கள் பண்ணையில் பெர்ரி பறித்தவர்கள், 2013இல் கூலிக்காகவும் வேலை நிலைமைக்காகவும் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலோர் மெக்சிக்கோவின் ஒஹாக்கா பகுதிப் பழங்குடி மக்கள். 'நீதிக்காக ஒன்றுபட்ட குடும்பங்கள்' என்று பொருள்படும் பெயரில் சங்கம் அமைத்தார்கள். அப்பண்ணையின் பழத்தை விற்ற டிரிஸ்கோல்ஸ் நிறுவனத்தின் பழங்களை வாங்க வேண்டாம் என்று நுகர்வோரிடமே போனார்கள். 2016 செப்டெம்பரில் வாக்கெடுப்பில் சங்கம் வென்றது. 2017இல் கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தானது. மணிக்குச் சராசரி 15 டொலர் கிடைக்கும்படி பறிப்புக்கூலி அமைந்தது.

தோழர்களே, நமது மலைகளிலும் நிலைமை வேறல்ல. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று பார்த்துப் பறித்தால் கிலோ ஏறாது. கிலோவுக்காகக் கூடையில் அமுக்கினால் கொழுந்து சூடேறிச் சிவக்கும். மலைக்கு உரிய நாளில் ஆள் விடாவிட்டால் கொழுந்து முற்றிப்போகும். அது நமது குற்றமல்ல.

எனவே நாம் கேட்பது இவைதான். மலையையும் பருவத்தையும் பார்த்து, தொழிலாளர் பிரதிநிதியோடு பேசிக் கிலோ அளவு தீர்மானிக்கப்பட வேண்டும். நிறுவையும் கழிவும் நம் கண்முன் நடக்க வேண்டும். தரம் கேட்டால் தரத்துக்கான கொடுப்பனவு ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும்.

இவற்றை ஒவ்வொரு கிளையிலும் பேசுங்கள். தீர்மானமாக எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். அடுத்த பேச்சுவார்த்தைக்கு அவற்றோடுதான் நாம் போவோம்.